பல்லாவரத்துக் கல்: சேகரிப்பவர் ஏன் பொருள் மாறுகிறார்?

1. கேள்வி

எங்கள் திருமுடிவாக்கத்திலிருந்து திருநீர்மலை வழியாகப் போனால் பல்லாவரம் பக்கம்தான். அங்கே வெள்ளிக்கிழமைதோறும் பழைய டிரங்க் சாலையில் சந்தை கூடுகிறது. செடி, கோழி, ஓடாத மிக்சி, கழற்றிப் போட்ட கம்ப்யூட்டர் பாகம், மரச்சாமான், பித்தளைப் பாத்திரம் என்று நீளும் அந்தச் சந்தையில் பழைய காசும் நோட்டும் தபால்தலையும் துணிமேல் விரித்து விற்பவர்களும் உண்டு. அவர்கள் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு காசை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பேச்சுக் கொடுத்தால் அவர்களில் பலரிடம் ஒரு பழைய கதை இருக்கும். இன்று நோட்டு சேர்ப்பவர் ஒரு காலத்தில் தபால்தலை சேர்த்திருப்பார். இன்று பழைய பூட்டு தேடுகிறவர் பள்ளிக்கூட நாளில் தீப்பெட்டிப் படம் சேர்த்திருப்பார்.

மனிதர் ஏன் சேகரிக்கிறார் என்ற கேள்விக்கு உளவியலும் சமூகவியலும் பல விடைகளைத் தந்திருக்கின்றன. ஒன்றைச் சேகரித்தவர் ஏன் அதை விட்டு இன்னொன்றுக்குப் போகிறார் என்ற கேள்வி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. வீட்டில் இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: எதிலும் நிலைத்து நிற்காத மனசு. அந்தப் பதில் சரிதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சேகரிப்பவர் பொருளை மாற்றும்போது அவருடைய கண் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதும், மாற்றத்தால் சேதம் வருவது குறிப்பு எழுதாமல் விட்டுப் போகும்போதுதான் என்பதும் நான் வந்து சேர்ந்த முடிவுகள். இவற்றுக்கான சான்றுகளில் முதலாவது பல்லாவரத்திலேயே கிடைக்கிறது.

2. இதுவரை சொல்லப்பட்டவை

முதலில் சொல்லுக்கு ஒரு வரையறை வேண்டும். நுகர்வுப் பண்பாட்டை ஆராய்ந்த ரஸ்ஸல் பெல்க், தேடித் தேர்ந்து பொருள்களைச் சேர்ப்பது, அன்றாடப் பயன்பாட்டிலிருந்து அவற்றை விலக்கி வைப்பது, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாத ஒரு தொகுதியாக அவற்றைக் கருதுவது ஆகிய மூன்றும் சேர்ந்ததையே சேகரிப்பு என்கிறார். இந்த வரையறைப்படி பரணில் அடுக்கிய எவர்சில்வர் அண்டாக்கள் சேகரிப்பு ஆகா. அவை நாளைய கல்யாணத்துக்குக் காத்திருப்பவை. நவராத்திரிக் கொலு சேகரிப்பாகும். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கிப் பாட்டி வைத்த மரப்பாச்சியோடு சேர்த்து அடுக்குகிற வீடுகளில், பெல்க் சொன்ன மூன்று அம்சங்களும் எத்தனையோ தலைமுறையாக இருந்துவருகின்றன.

ஏன் சேகரிக்கிறோம் என்பதற்கான விளக்கங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை இழப்பிலிருந்து தொடங்குகிறது. உளப்பகுப்பாய்வாளர் வெர்னர் முன்ஸ்டர்பெர்கர் 1994இல் வெளியிட்ட நூலில், சேகரிப்பின் வேரைக் குழந்தைப் பருவத்துத் தனிமையிலும் அச்சத்திலும் காண்கிறார். கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொருள் இருப்பது ஆறுதல். சிக்மண்ட் பிராய்டு 1896இல் தந்தையை இழந்த பிறகே பழம்பொருள்களைத் தீவிரமாகச் சேர்க்கத் தொடங்கினார். அவர் சேர்த்தவை இரண்டாயிரத்துக்கு மேல். இரண்டாம் வகை உடைமையைப் பற்றியது. 1968இல் ழான் போத்ரியார், சேகரிப்பவர் கடைசியில் தன்னையே சேகரிக்கிறார் என்றும், தொகுதியில் இன்னும் கிடைக்காத அந்த ஒரு பொருள்தான் ஆசையை உயிரோடு வைத்திருக்கிறது என்றும் வாதிட்டார். மூன்றாம் வகை உடலைப் பற்றியது. ஸ்டீவன் ஆண்டர்சன், ஹன்னா டமாசியோ, அந்தோனியோ டமாசியோ ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, மூளையின் முன்மடல் நடுப்பகுதியில் சேதமடைந்த சிலர் உதவாத பொருள்களை வரம்பின்றிக் குவிக்கத் தொடங்கியதைக் காட்டியது. சேர்க்கும் உந்துதலுக்கும் அதை நெறிப்படுத்தும் பகுதிக்கும் வெவ்வேறு இடங்கள் உண்டு என்று இதிலிருந்து அறிகிறோம். வகைதொகையற்ற குவிப்பைத் தனி நோயாக அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல் சேர்த்துக்கொண்டது.

இவை ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மாற்றத்தை விளக்க வரும்போது மூன்றும் தடுமாறுகின்றன. ஆறுதலுக்காகத்தான் சேர்க்கிறோம் என்றால், ஆறுதல் தந்த பொருளை ஏன் விட வேண்டும்? கிடைக்காத ஒன்றுதான் இழுக்கிறது என்றால், தொகுதி நிறைவதற்கு வெகுமுன்பே விட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது? சேகரிப்பவருக்கும் பொருளுக்கும் உள்ள உறவை மட்டும் பார்ப்பதால் வரும் தடுமாற்றம் இது. பொருளைப் பார்த்துப் பார்த்துச் சேகரிப்பவரின் கண்ணுக்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

3. பல்லாவரம், 1863

ராபர்ட் புரூஸ் பூட் 1834இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1858இல் இந்திய நிலப்பொதியியல் அளவைத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். பாறை வகைகளை இனம்கண்டு வரைபடத்தில் குறிப்பதும் மாதிரிகளைச் சேர்ப்பதும் அவர் வேலை. 1863 மே 30 அன்று பல்லாவரம் கண்டோன்மென்டின் அணிவகுப்புத் திடலருகே, சரளை வெட்டிய குழி ஒன்றில் அவர் ஒரு கல்லைக் கையிலெடுத்தார். அது மனிதக் கையால் செதுக்கப்பட்ட பழைய கற்காலக் கருவி. இந்தியாவில் அப்படி இனம்கண்டு பதிவு செய்யப்பட்ட முதல் கருவி அதுவே.

அந்தக் குழியில் நின்றவர் என்ன பார்த்தார் என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம். பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறை சார்னோக்கைட். கருநீலச் சாயலுள்ள கெட்டிக் கல் அது. கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் பதித்த கல்லும் இந்த வகைதான் என்பதால் தாமஸ் ஹாலந்து அதற்குப் பின்னாளில் அந்தப் பெயரை வைத்தார். குழியில் இருந்ததோ துருச்சிவப்பான செம்புரைச் சரளை. அதற்குள் கிடந்தது குவார்ட்சைட். நிலப்பொதியியலாளர் கண் முதலில் கல்லின் இனத்தைப் பார்க்கும். அடுத்து அது எந்த அடுக்கில் கிடக்கிறது என்று பார்க்கும். மூன்றாவதாக அதன் மேற்பரப்பைப் பார்க்கும். ஆற்றில் உருண்ட கல்லுக்கு விளிம்பு மழுங்கியிருக்கும். செதுக்கிய கல்லில் சில்லுகள் பெயர்ந்த குழிவுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக இருக்கும். இரண்டு முகத்திலிருந்தும் வந்து ஒரு விளிம்பில் கூடும். மூன்றையும் ஒரே பார்வையில் பிடிக்கும் பயிற்சி ஐந்தாண்டுக் கள வேலையில் பூட்டுக்கு ஏற்கெனவே வந்திருந்தது.

கண் மட்டும் போதாது, கேள்வியும் வேண்டும். பிரான்ஸின் சொம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுங்க அதிகாரி பூஷே த பெர்த் பல ஆண்டுகளாகச் சேர்த்துவந்த கற்கருவிகளை 1859இல் ஜோசப் பிரஸ்ட்விச்சும் ஜான் எவன்ஸும் நேரில் பார்த்து, மனிதனின் தொன்மைக்குச் சான்றாக ஏற்றனர். அந்த விவாதத்தை பூட் அறிந்திருந்தார். அப்படிப்பட்ட கருவி இங்கேயும் இருக்குமா என்ற கேள்வியோடுதான் அவர் சரளைக் குழிகளைப் பார்த்தார். 1863 செப்டம்பர் 28இல் வில்லியம் கிங்குடன் சேர்ந்து கொசத்தலையாற்றுப் பகுதியின் அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டார். அதன்பின் ஏறக்குறைய நாற்பதாண்டுகள் தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து கற்கருவிகளையும் பானையோடுகளையும் திரட்டினார்.

இதைத் தாவல் என்று சொல்ல முடியுமா? பூட் பாறையை விட்டுவிடவில்லை. 1891இல் ஓய்வு பெறும்வரை நிலப்பொதியியல்தான் அவர் உத்தியோகம். பாறையைப் பார்த்த கண்ணாலேயே கருவியையும் பார்த்தார். சேகரிப்பின் பொருள் மாறிற்று. அடுக்கு, இடம், மேற்பரப்பு என்ற பார்வை முறை அப்படியே தொடர்ந்தது.

4. கும்பகோணம், 1880

இரண்டாம் சான்று தமிழ் வாசகர்கள் நன்கறிந்தது. உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆசிரியரானார். அதற்கு முன்பே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என்று ஏராளமாகப் படித்தவர். அந்த ஆண்டு அக்டோபரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். முதலியார் அவர் படித்த நூல்களை விசாரித்தார். சாமிநாதையர் அடுக்கிய பட்டியல் அவரைக் கவரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அங்கிருந்துதான் ஏடு தேடும் வாழ்க்கை புறப்பட்டது. சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், புறநானூறு 1894இலும் அச்சாயின.

இந்தச் சான்றை எடைபோடும்போது எச்சரிக்கை தேவை. சந்திப்பைப் பற்றிய விவரம் சாமிநாதையரின் முதுமைக்காலத் தன்வரலாற்றிலிருந்து வருகிறது. அறுபதாண்டு கழித்து எழுதும்போது வாழ்க்கையின் திருப்பங்கள் ஒரே நாளில், ஒரே உரையாடலில் குவிந்துவிடுவது இயல்பு. ஆகவே அன்று ஒரு நாளில் எல்லாம் மாறிற்று என்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்க வேண்டும். ஆனால் பதிப்புகளின் ஆண்டு வரிசையை எவரும் மறுக்க முடியாது. அந்த வரிசை வேறொன்றையும் காட்டுகிறது. சங்க நூல்களுக்குப் போனவர் சிற்றிலக்கியத்தைக் கைவிடவில்லை. தம் ஆசிரியரின் பிரபந்தத் திரட்டை 1910இல் வெளியிட்டார். ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக எழுதினார்.

மேலும் ஒரு செய்தி முக்கியம். சிந்தாமணியின் பொருள் விளங்காத இடங்களில் சாமிநாதையருக்குத் துணைநின்றது, மனப்பாடமாகச் செய்யுளைக் கையாளும் பழக்கம். ஓர் ஏட்டில் சிதைந்த சீரை யாப்பின் ஓசை கொண்டு ஊகிக்கும் திறன் அந்தாதியிலும் கோவையிலும் வாய்த்தது. முதலியார் பொருட்படுத்தாத அந்தப் பழைய படிப்புதான் புதிய தேடலுக்குக் கருவியாக இருந்தது. பூட்டுக்குப் பாறை எப்படியோ, சாமிநாதையருக்குப் பிரபந்தம் அப்படி.

5. மறுப்புகள்

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். இருவரும் பெரியவர்கள், சாதித்ததால்தான் அவர்கள் மாற்றம் நமக்கு நேர்கோடாகத் தெரிகிறது, சந்தையில் குந்தியிருப்பவருக்கு இது பொருந்துமா என்பது முதல் மறுப்பு. சாதாரணச் சேகரிப்பாளர் மாறுவதற்கு வெளிக்காரணங்களே போதும் என்பது இரண்டாவது.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். வெளிக்காரணங்கள் பலமானவைதான். வரத்து நின்றுபோகிறது: இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்தது, பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. கவுன்டரில் கொடுத்து அனுப்பும் உறைகளில் தபால்தலை இருந்த இடத்தைப் பெரும்பாலும் பார்கோடு ஸ்டிக்கர் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வரும் கடிதத்திலிருந்து தலையை வெட்டி நீரில் ஊறவைத்து உரித்த தலைமுறைக்கு இன்று உரிக்க ஒன்றும் வருவதில்லை. சட்டமும் வழியைத் திருப்புகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருள்களைத் தனி வரம்புக்குள் கொண்டுவந்தது. புரூஸ் பூட்டைப் போல் இன்று எவரும் சுதந்திரமாகத் திரட்டிவிட முடியாது, திரட்டவும் கூடாது. 2016 நவம்பரில் செல்லாமல்போன 500, 1000 ரூபாய் நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நாணயவியலுக்கும் இருபத்தைந்து வரை அனுமதித்தது. எத்தனை வைத்திருந்தால் சேகரிப்பு, எதற்கு மேல் பதுக்கல் என்று ஒரு சட்டம் எண்ணிச் சொன்ன அரிய இடம் இது. இவற்றோடு விலையும் உண்டு, புறநகர் அடுக்ககத்தின் இரண்டு அறைகளும் உண்டு.

இவையெல்லாம் ஒருவர் ஏன் விட்டுப் போகிறார் என்பதை விளக்குகின்றன. அவர் எங்கே போய்ச் சேருகிறார் என்பதற்கு இவற்றில் பதில் இல்லை. தபால்தலை வரத்து நின்றபின் ஒருவர் நோட்டுக்குப் போகிறார், ஒருவர் பழைய வரைபடத்துக்கு, ஒருவர் பறவைப் படம் எடுக்க. ஒரே கதவு மூடினால் எல்லாரும் ஒரே பக்கம்தானே போக வேண்டும்? தீப்பெட்டிப் படத்தை எடுத்துக்கொள்வோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பிறகு சிவகாசி வளர்ந்தது. தீப்பெட்டியோடு லேபிள் அச்சும், காலண்டர் அச்சும் வளர்ந்தன. லேபிளில் நிறத்தையும் உருவத்தையும் பார்த்து ரசித்தவருக்குக் கோவில்பட்டி கொண்டையராஜுவின் சாமிப் படக் காலண்டர் அடுத்த படி. அதே லேபிளில் ஊர்ப்பெயரையும் கம்பெனிப் பெயரையும் படித்தவருக்கு அடுத்த படி பழைய விளம்பர நோட்டீஸ். பெட்டிமேல் இருந்த படம் ஒன்றுதான். அதைப் பார்த்த கண்கள் வேறு.

முதல் மறுப்புக்கு என் அனுபவத்தைத்தான் சான்றாக வைக்க முடியும். ஒருவரின் அனுபவம் நிரூபணம் ஆகாது என்பதை அறிந்தே சொல்கிறேன். பள்ளி நாளிலிருந்து சேர்த்த தபால்தலைகள் ஆறு ஆல்பங்களில் இருந்தன. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் எங்கள் பகுதிக்குள் வந்தபோது கீழ் அலமாரியில் இருந்த அவை முழுகின. தண்ணீர் வடிந்த பின் திறந்தபோது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்கல்போல இருந்தன. மறுபடி தொடங்க மனம் வரவில்லை. ஓராண்டுக்குப் பிறகு பல்லாவரம் சந்தையில் ஒரு பித்தளைத் தூக்கைக் கையிலெடுத்தேன். கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: இரண்டு முதலெழுத்து, ஓர் ஊர், ஒரு தேதி. தேய்ந்த எழுத்தை விரல் நுனியால் தடவித்தான் படிக்க முடிந்தது. அன்றிலிருந்து பாத்திரத்தில் வெட்டிய எழுத்துகளை எழுதிவைக்கிறேன். எல்லாவற்றையும் வாங்குவதில்லை; வாங்கவும் முடியாது.

தபால்தலைக்கும் தூக்குக்கும் என்ன உறவு என்று வெகுநாள் எனக்கே புரியவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. நான் புதுத் தலைகளை விரும்பியவன் இல்லை. முத்திரை குத்திய தலைதான் பிடிக்கும். அதிலும் ஊரும் தேதியும் தெளிவாக விழுந்த தலை. ஒரு பொருள் எங்கே, எப்போது, யார் கையில் இருந்தது என்ற செய்தியைத்தான் நான் சிறுவயதிலிருந்து சேர்த்து வந்திருக்கிறேன். வெள்ளம் ஆல்பத்தை எடுத்துக்கொண்டது, அந்தக் கண்ணை எடுத்துக்கொள்ளவில்லை.

6. குறிப்பு என்னும் கடமை

மாற்றம் குற்றமில்லை என்றால், விட்டுவந்த சேகரிப்பின் கதி என்ன? இங்கேதான் சேகரிப்பவர்களுக்குள் பெரிய வேறுபாடு தெரிகிறது. பூட் தம் சேகரிப்பை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு விற்றார். 1912 டிசம்பரில் அவர் காலமானபின், அவர் தயாரித்த விளக்கப் பட்டியல் 1914இலும், இடங்களையும் காலங்களையும் பற்றிய குறிப்புகள் 1916இலும் வெளிவந்தன. எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்ற விவரம் அதனால் தங்கியது. அவர் குறித்துவைத்த அத்திரம்பாக்கத்தில் பின்னாளில் சாந்தி பப்புவும் குழுவினரும் முறையாக அகழ்ந்தனர். அங்குள்ள கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் அறிவித்தனர். 2018இல் வெளியான அவர்களின் ஆய்வு, அடுத்த கட்டத் தொழில்நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியதைக் காட்டியது. 1863இல் இடம் குறிக்காமல் கல்லை மட்டும் எடுத்துப் பையில் போட்டிருந்தால் இந்தத் தொடர்ச்சிக்கு வழி கிடைத்திருக்காது.

சாமிநாதையர் தம் பதிப்புகளின் முன்னுரைகளில் ஏடு உதவியவர்களின் பெயர், ஊர் ஆகியவற்றை நன்றியோடு எழுதினார். அது நன்றி மட்டுமா? எந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்ற தடயமும் அதுவே. அவர் திரட்டிய சுவடிகள் 1943இல் தொடங்கப்பட்ட நூல்நிலையத்தில் இன்று பெசன்ட் நகரில் இருக்கின்றன.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா மூன்றாவது உதாரணம். அவருடைய சேகரிப்பும் ஒரே பொருளில் நிற்கவில்லை. நூல், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ், கத்தரித்த செய்தி என்று கிளைத்துக்கொண்டே போனது. பார்ப்பவருக்கு அது நிலையில்லாத ஆசையாகத் தோன்றியிருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது தமிழ் அச்செழுத்து; எழுத்தை வரைந்து பிழைத்தவரின் கண்ணுக்கு அது பொருத்தம்தானே? 1992இல் அவர் மறைந்தபின், சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தத் திரட்டை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கித் தமிழ்நாட்டிலேயே நிலைக்கச் செய்தது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படி உருவானது.

குறிப்பு எழுதும் வழக்கம் ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் வீடுகளில் அது வேறு வடிவத்தில் இருந்தது. சீர்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரையும் தேதியையும் வெட்டித் தருவது இன்றும் பாத்திரக் கடைகளில் நடக்கிறது. அந்த எழுத்து, பாத்திரத்தின் பிறப்புச் சான்றிதழ். யார் கொடுத்தார், எந்த விசேஷத்துக்கு, எந்த ஆண்டு என்று மூன்று தலைமுறை கழித்தும் சொல்லும். ஆனால் பாத்திரம் காயலான் கடைக்குப் போகும்போது எடைக்குத்தான் விலை. எழுத்துக்கு விலை இல்லை. உலைக்குப் போனால் எழுத்தும் உருகிவிடும்.

7. முடிவாக

சேகரிப்பவர் பொருள் மாறுவதை மனத்தின் சபலமாகக் கொள்வதற்குச் சான்று போதவில்லை. வரத்து, விலை, இடம், சட்டம் ஆகியவை ஒருவரைப் பழைய பொருளிலிருந்து வெளியே தள்ளுகின்றன. அவர் புதிதாக எதில் போய் நிற்பார் என்பதை, பழைய பொருள் அவருக்குப் பழக்கிவிட்ட பார்வை தீர்மானிக்கிறது. பாறை பார்த்தவர் கருவிக்கும், யாப்புப் பழகியவர் சங்க ஏட்டுக்கும் போனார்கள். எழுத்து வரைந்தவர் அச்சடித்த எதையும் விடவில்லை. ஆகவே பிள்ளை தபால்தலையை விட்டுக் காசுக்குப் போனால் கவலைப்படத் தேவையில்லை. காசில் என்ன பார்க்கிறாய் என்று கேட்டால் போதும். அந்தப் பதிலில் பழைய ஆல்பத்தின் மிச்சம் இருக்கும்.

விட்டுப் போகிறவரிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. போவதற்கு முன்னால் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்: இது எங்கே கிடைத்தது, எந்த நாளில், யாரிடமிருந்து. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். 1863இல் வெட்டிய அந்தச் சரளைக் குழியைப் பல்லாவரத்தில் இன்று போய்ப் பார்க்க முடியாது. ஆனால் மே 30 என்ற தேதியையும் பல்லாவரம் என்ற ஊரையும் தாங்கிய கல், எழுதிவைத்த ஒருவரால், இன்னும் அந்தக் குழியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது.